அஞ்சலையின் பாட்டில் நான் வெட்டிய வரி

போன மாதம் விழுப்புரத்திலிருந்து உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். வாடகை அறையில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். அவர் பதிவு செய்து வெளியிட்ட பாட்டின்மேல் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். "சார், ஒரே ஒரு வார்த்தையை மியூட் பண்ணிட்டா விட்டுடறோம்ங்கறாங்க. பண்ணிடட்டுமா?" என்றார்.

"பாடினவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"அவர் வெளியூர் போயிருக்கார் சார். அவருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? நாமதானே பார்த்துக்கணும்."

பாடினவர் வர்ற வரைக்கும் கைவைக்காதீங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். அவர் சொன்ன அதே வார்த்தைகளை ஒருநாள் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று செய்த காரியத்தை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இப்போது எழுதிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு உரக்கடை மாடியில் முப்பது வருஷம் ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்தினேன். அம்மன் பாட்டு, தேர்தல் பாட்டு, கல்யாண வாழ்த்து, நாட்டுப்புறப் பாட்டு என்று எது வந்தாலும் பதிவு செய்வேன். கேசட் போய் சிடி வந்தது. சிடியும் போன பிறகு நானும் உங்களைப் போல ஒரு சேனல் ஆரம்பித்தேன். மைக்கைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது அதைப் பற்றி அல்ல.

அஞ்சலை முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை செய்தாள். அனந்தபுரம் பக்கத்துப் பெண். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மன் பாட்டுகளுக்குக் குழுவாகப் பாடுவதற்கு வருவாள். அவள் குரல் மேலே போகும்போது லேசாகக் கிழியும். அதைச் சரிசெய்யச் சொல்லி இசையமைப்பவர்கள் கேட்பார்கள். நான் கைவைக்க மாட்டேன். அந்தக் கிழிசல்தான் அவள் குரல்.

அவளுடைய தங்கை தேவகியைப் பெருமுக்கல் பக்கம் ஒரு வசதியான வீட்டில் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம், ஒருநாள் விடியற்காலையில் அந்த வீட்டு நிலத்துக் கிணற்றில் தேவகி பிணமாகக் கிடந்தாள். மோட்டார் போடப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள் புகுந்த வீட்டார். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அது அப்பா வீட்டிலேயே இருந்தது.

மூன்று மாதம் கழித்து அஞ்சலை தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"அண்ணா, நான் ஒரு பாட்டு கட்டிக்கினு வந்திருக்கேன். என் தங்கச்சி பாட்டு. பதிஞ்சு குடுக்கிறியா?"

"மியூசிக்கெல்லாம் என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் வாணாம். ஒரு பறை, ஒரு உடுக்கை போதும். அவ கெணத்துல குதிச்சு நீச்சலடிச்சு வளர்ந்தவண்ணா. அவ எப்படி வழுக்கி வுழுந்து சாவா, சொல்லு?"

உள்ளே அழைத்துப்போய்ப் பாடச் சொன்னேன். பல்லவி இப்படி இருந்தது:

தானா போனாளா
தள்ளித்தான் விட்டாங்களா
தண்ணிகிட்ட கேட்டுப் பாரு
தங்கச்சி என்ன சொன்னா

நாலு சரணம். மூன்றாவது சரணத்தில் 'பச்சை கேட்டு வீட்டுக்குள்ள' என்று ஒரு வரி வந்தது. நான் பதிவை நிறுத்தினேன்.

"கேட்டோட கலரைச் சொன்னா எந்த வீடுன்னு அந்த ஊருக்கே தெரிஞ்சுடும் அஞ்சலை. உன் கையில சாட்சி எதுவும் இல்ல. அவங்க கேஸ் போட்டா உனக்குத்தான் பேஜாரு."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயும் அவங்க பக்கமா பேசறியா?" என்று எழுந்து வெளியே போய்விட்டாள். அரைமணி நேரம் மாடி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

"கேட்டை எடுத்துடறேன். 'பெரிய வாசல் வீட்டுக்குள்ள'ன்னு வெச்சுக்கலாம். ஆனா அந்தக் கேள்வியை எடுக்கமாட்டேன். நான் யாரையும் கொலைகாரன்னு சொல்லல. கேக்கறேன். கேக்கக்கூடாதா?"

"கேக்கலாம்" என்றேன்.

அன்று நாங்கள் நடந்துகொண்டது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். நான் பயந்ததைச் சொன்னேன், அவள் சண்டை போட்டாள், மாற்ற வேண்டியதை அவளே மாற்றினாள். கடைசிச் சரணத்தைப் பாடும்போது அவளையும் மீறி ஒப்பாரி வந்துவிட்டது. 'போனாளே போனாளே' என்று நாலைந்து தரம் இழுத்துவிட்டு அழுதாள். அதையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பாட்டை ஏற்றிய இரண்டு வாரத்தில் அது எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. மல்லாட்டை பிடுங்கும் பெண்கள் கடலைக் கொல்லையில் போனில் போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். ஷேர் ஆட்டோவில் கேட்டது, கல்லூரி வாசலில் கேட்டது. முப்பது வருஷத்தில் என் ஸ்டூடியோவிலிருந்து போன எந்தப் பாட்டும் அப்படிப் பரவியதில்லை. எனக்கு நடை மாறிவிட்டது என்று என் மனைவி கேலி செய்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். உரக்கடைக்காரர் மூச்சிரைக்க மேலே வந்தார். "இன்னாங்க இது, கீழ இருபது வண்டி நிக்குது. நான் ஷட்டரை இறக்கிடவா?"

அவருக்குப் பின்னாலேயே ஆறு பேர் ஏறி வந்தார்கள். தேவகியின் மாமனார், மாமியார், கணவன், ஒரு வக்கீல், ஊரில் செல்வாக்குள்ள இரண்டு பேர். வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், பேர் சொல்லலதான். ஆனா சுத்துப்பட்டு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அவதூறு வழக்கு போட்டா பாடின அம்மா மட்டுமில்ல, வெளியிட்ட நீங்களும் சேர்ந்துதான் கோர்ட்டுக்கு அலையணும்."

மாமனார் மேஜையைத் தட்டினார். "தள்ளிவுட்டாங்களான்னு பாடறியே, நீ பார்த்தியா? உன் ஊட்டுப் பொண்ணு செத்து, ஊரே உன்னைக் கேட்டா தாங்குவியா?"

அதற்கெல்லாம் நான் கலங்கவில்லை. என்னைக் கலங்க வைத்தது மாமியார்தான். அந்த அம்மா சத்தம் போடவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சொன்னார்: "எம் பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேங்குதுங்க. 'உங்க ஆயாதான் உங்கம்மாவைத் தள்ளிவுட்டாளா'ன்னு புள்ளைங்க கேக்குதுங்களாம். அது வந்து என்னையே கேக்குதுங்க. நாலு வயசுக் கொழந்தைங்க."

அந்த அம்மா அழுதது நடிப்பா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தக் குழந்தை நிஜம்.

நான் உள் அறைக்குப் போய் அஞ்சலைக்குப் போன் செய்தேன். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. மெஸ்ஸில் மத்தியானச் சமையல் நேரம், போன் அவள் பையில் கிடக்கும். வெளியே வந்து, "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. பாடினவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

செல்வாக்குள்ளவர்களில் ஒருவர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "ஜல்தி முடிங்க சார். பசங்க வெயில்ல நின்னுக்கினு இருக்கானுங்க. எவ்ளோ நேரம்தான் நான் புடிச்சு வெக்கிறது?"

அந்த நிமிஷத்தில் என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முடியாது என்று சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு பாட்டை மொத்தமாக எடுத்திருக்கலாம். எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவும் செய்தது. ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பாட்டை இழக்க எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பேர் அது. அதனால் மூன்றாவது வழியைப் பிடித்தேன். "அந்த ஒரு வரியை எடுத்துடறேன். சரியா?" என்றேன்.

"மியூட் பண்ணாதீங்க" என்றார் வக்கீல். "காலியா வுட்டா ஜனங்க அதைத்தான் மனசுல ரொப்பிக்கும்."

"அந்தக் கேள்வியே வாணாம்" என்றார் மாமனார்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'தள்ளித்தான் விட்டாங்களா' என்ற வரியை எடுத்தேன். மிச்சம் இருந்த 'தானா போனாளா' அப்போதும் கேள்வியாகவே நின்றது. கடைசிச் சரணத்தில் அவள் அழுதுகொண்டே பாடிய 'போனாளே' என்ற சொல்லை வெட்டிக்கொண்டு வந்து, 'போனாளா' இருந்த இடத்தில் ஒட்டினேன். சுருதி பொருந்தியது. மூச்சுவிடும் இடம்கூடப் பொருந்தியது. அரைமணி நேரத்தில் பல்லவி இப்படி ஆனது:

தானா போனாளே
தானா போனாளே
தண்ணிகிட்ட கேட்டுப் பாரு
தங்கச்சி என்ன சொன்னா

ஒட்டு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை. இருபது வண்டி கீழே நிற்க, அந்த வேலையைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் திருப்தியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். மாமனார் தலையை ஆட்டிக் கேட்டார். "இப்பதான் பாட்டு பாட்டா இருக்குது" என்றார். மாமியார் என்னைக் கும்பிட்டார். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த கணவன் தன் போனை நீட்டினான். "இதை எனக்கு அனுப்புங்க சார்" என்றான். அனுப்பினேன். பழைய பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை ஏற்றினேன். வந்தவர்கள் சிரித்த முகத்தோடு இறங்கிப் போனார்கள். சண்டை போட வந்தவர்கள் அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பிப் போகிறார்கள் என்றால், நாம் எதைக் கொடுத்தனுப்பினோம் என்று யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. பசித்தது. கீழே போய்ச் சாப்பிட்டேன்.

அஞ்சலைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'அவங்க வந்தாங்க. பாட்டுல சின்னதா ஒரு மாற்றம் பண்ணேன். பிரச்சினை முடிஞ்சது. கவலைப்படாதே.' மூன்று மணி வாக்கில் அவள் பதில் வந்தது. 'சரிண்ணா.' என்ன மாற்றம் என்று அவள் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமாகிச் சில வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் வருவாய்த்துறை அதிகாரி விசாரிப்பார். தேவகி விஷயத்தில் அந்த விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, அந்த வாரம் வியாழக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். தேவகி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி சரோஜா. அன்று விடியற்காலையில் அந்த வீட்டில் சண்டை நடந்ததைக் கேட்டவள். பாட்டு வந்த பிறகுதான், வியாழக்கிழமை வந்து சொல்கிறேன் என்று அஞ்சலைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அஞ்சலையின் பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி.

வெள்ளிக்கிழமை காலை அஞ்சலை ஸ்டூடியோவுக்கு வந்தாள். தலை வாரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"பாட்டுல இன்னாண்ணா மாத்தின?"

போட்டுக் காட்டினேன். பல்லவி முடியும் வரைக்கும் நின்றபடியே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரோஜாக்கா நேத்து வரலண்ணா. நாலு மணி வரைக்கும் ஆபீஸ் வாசல்ல நின்னேன். போன் பண்ணா, 'நீயே தானா போனான்னு பாடிட்ட, இனிமே நான் எதுக்கு?'ங்குது. நான் எப்பக்கா அப்படிப் பாடினேன்னு கேட்டேன். அதுக்குச் சிரிக்குது."

அன்று மத்தியானமே நாங்கள் இரண்டு பேரும் சரோஜா வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"அம்மா, தப்பு என்னோடது. நான்தான் வெட்டி ஒட்டினேன். அஞ்சலைக்குத் தெரியாது. இந்தாங்க, அவ பாடினது இதுதான்" என்று போனில் பழைய பாட்டைப் போட்டேன்.

அவர் கையமர்த்தினார். "நிறுத்துங்க சார், அவங்களுக்குக் கேக்கப் போவுது. செவ்வாக்கிழமை சாயங்காலத்துலேருந்து டீக்கடையில அந்தப் பாட்டுதான். 'அக்காகாரியே சமாதானமா பூட்டா, கேட்டுக்குங்க'ன்னு தேவகி ஊட்டுக்காரரு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு. எது நெசம், எது ஒட்டுன்னு நான் எப்படிச் சொல்றது? குரல் அவளோடதுதானே?" பிறகு அஞ்சலையைப் பார்த்தார். "நாங்க இங்கதான் குடியிருக்கணும் கண்ணு. உன்னை நம்பி நான் வாயத் தொறந்து, நாளைக்கு நீ மாத்திப் பாடினா நான் எங்க போவேன்?"

அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் மாத்தலக்கா" என்றாள். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை நானே அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். பாட்டை நான்தான் மாற்றினேன், பாடியவருக்கு அதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். "பாட்டை வெச்சு நான் எதையும் முடிவு பண்ணலைங்க, பண்ணவும் முடியாது" என்றார். "கெணத்துகிட்ட என்ன நடந்ததுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். இருக்காங்களா?" சரோஜாவை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரோஜாவுக்கு இன்னொரு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். சந்தேகப்பட ஆதாரம் இல்லை என்று அறிக்கை போனது.

அந்த வாரமே அஞ்சலையைக் கேட்டுக்கொண்டு பழைய பாட்டை மறுபடி ஏற்றினேன். பாட்டுக்கு முன்னால் என் குரலிலேயே, நான் வெட்டியது இது, பாடியது இது என்று சொன்னேன். வழக்கு வந்தால் வரட்டும் என்றிருந்தேன். வழக்கு வரவில்லை. அதற்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. அதைக் கேட்டவர்கள் சொற்பம். வெட்டிய பாட்டை அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். காதலித்து வீட்டைவிட்டுப் போகும் பெண்களைக் கேலி செய்கிற ரீல்ஸுக்கு அந்தப் பல்லவியைப் போட ஆரம்பித்தார்கள். 'தானா போனாளே' என்று பையன்கள் ஆடினார்கள். செத்துப்போன தங்கைக்காக அழுத குரலில் ஒரு ஊர் ஆடுவதை நான் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் எழுதி எடுக்கச் சொன்னேன். சிலர் எடுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை. இன்றும் எங்காவது அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சரோஜா வந்து சொல்லியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தேவகிக்கு என்ன நடந்தது என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அஞ்சலை ஒரு கேள்வி கேட்டாள். நான் அதை அவள் குரலாலேயே பதிலாக மாற்றிவிட்டேன்.

படைப்புச் சுதந்திரம் என்று நீங்கள் கூட்டங்களில் பேசுவதைக் கேட்கிறேன். பேசுங்கள், வேண்டியதுதான். ஆனால் படியேறி ஆள் வரும் நாளில் அந்தச் சொல் ஞாபகத்துக்கு வராது. கீழே நிற்கும் வண்டிகள்தான் ஞாபகம் வரும். அன்று நீங்கள் பயந்துவிட்டால் பயந்துவிட்டேன் என்றே சொல்லுங்கள். பாட்டை முழுதாக எடுத்துவிடுங்கள். முழுதாக எடுத்த பாட்டை நாளைக்குத் திரும்பப் போடலாம். புகார் சொல்கிறவர்களின் வலியும் நிஜமாக இருக்கலாம், அதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். ஆனால் பாடியவர் இல்லாத நேரத்தில் அவர் வாயில் இன்னொரு சொல்லை வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அஞ்சலை போனை எடுத்திருப்பாள். இரண்டே மணி நேரம்.

போன வருஷம் ஸ்டூடியோவைக் காலி செய்தேன். கடைசி நாளன்று அஞ்சலை வந்தாள். அந்தப் பாட்டுக்குப் பிறகு அவள் எங்கும் பாடவில்லை. கம்ப்யூட்டரை அப்போது இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"அந்த வெட்டின இடத்தைக் காட்டுண்ணா. ஒருவாட்டி பார்க்கணும்."

பாட்டைத் திறந்து, அலை அலையாக ஓடும் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடத்தில் சுட்டுவிரலை வைத்தாள்.

"இத்தினிகாண்டுதானா?"

"ஆமாம்" என்றேன்.

விரலை எடுக்காமலே சொன்னாள். "தேவகியோட பாப்பாவை எனக்குக் காட்டவே மாட்டேங்கறாங்கண்ணா. போன மாசம் ஸ்கூல் வாசல்ல பார்த்தேன். என்னை யாருன்னு தெரியாம பூடுச்சி."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அன்னிக்கு அந்தம்மா பாப்பாவைப் பத்தி அழுதுச்சின்னு சொன்னியே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பாட்டை மொத்தமா எடுத்துடுண்ணான்னு நானே சொல்லியிருப்பேன். பாப்பாவுக்காக."

சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். மாடிப்படி வரைக்கும் கூடப் போனேன்.